தக்கை ஏன் அசையவில்லை? பெங்களூரின் சிற்றேரிகளில் தூண்டிலிடுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

அல்சூரிலும் சிவாஜி நகரிலும் விவேக் நகரிலும் இருந்து ஞாயிற்றுக்கிழமை விடியலில் தூண்டிலும் மாவுப் பொட்டலமுமாகப் புறநகர் ஏரிகளுக்குக் கிளம்புகிற நம்மவர்களிடம், வெறுங்கையோடு திரும்பும்போது என்ன ஆயிற்று என்று கேட்டால், அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும்: இரை சரியில்லை. அடுத்த வாரம் மாவில் பெருங்காயம் கூடும், அதற்கடுத்த வாரம் ஏலக்காய் சேரும், அதன் பிறகு யாரோ சொன்னார்கள் என்று வாசனைத் திரவமும் வந்துவிடும். நான் பார்த்தவரையில் குறை பெரும்பாலும் இரையில் இருப்பதில்லை. ஆழத்திலோ, முள்ளின் அளவிலோ, முடிச்சிலோ, சில நாள்களில் ஏரித் தண்ணீரிலேயோ இருக்கிறது. ஆகவே இந்த வழிமுறையில் இரையை மாற்றும் யோசனையை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். கரையில் உங்களுக்குத் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க வேண்டும்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அதற்கு இருபது நிமிடமாவது கொடுங்கள். ஆழம், முள், இரை மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு மீன் சிக்கினாலும், எதனால் சிக்கியது என்பது தெரியாமலே போய்விடும்.

அறிகுறி: தூண்டிலைப் பிரிக்கும் முன்பே காவலர் விசில் ஊதுகிறார்

நகருக்குள் உள்ள ஏரிகள் பலவற்றில் மீன் பிடிக்கக் கூடாது என்று கன்னடத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். மற்ற பல ஏரிகளில் மீன்பிடி உரிமை மீன்வளத் துறையின் வழியாகக் குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகை எடுத்தவர் தம் கைக்காசைப் போட்டுக் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு வளர்க்கிறார். இந்த மூன்றும் தேங்கிய நீரில் இனப்பெருக்கம் செய்வதில்லை. வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் அவை முட்டையிடும். எனவே ஓர் ஏரியில் கட்லா இருக்கிறது என்றால் அதை யாரோ விலை கொடுத்து வாங்கி விட்டிருக்கிறார் என்றுதான் பொருள், ஏரி ஊர்ப்பொது என்ற வாதம் அங்கே எடுபடாது. காவலரிடம் குத்தகைக்காரர் யார் என்று கேட்டு அவரிடம் நேரில் பேசுங்கள். நாள் கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் காட்டுகிறவர்கள் உண்டு, அடியோடு மறுப்பவர்களும் உண்டு. அனுமதி கிடைத்தால் கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: கடைசியாக வலை இழுத்தது எப்போது? முந்தின நாள் வலை இழுத்த ஏரியில் மிஞ்சிய மீன்கள் மிரண்டுபோய்க் கிடக்கும். அன்று உட்காருவதைவிட வீடு திரும்புவது நல்லது.

அறிகுறி: தக்கை அசையவே இல்லை

தூண்டில் நரம்பில், அதாவது நைலான் இழையில், கோத்த மிதவைதான் தக்கை. அது அசையாததுதான் எல்லாரையும் வாட்டுகிற குறை, இதற்குக் காரணங்களும் பல. மீன் அந்த இடத்தில் இல்லையா, இருந்தும் தின்னவில்லையா, தின்ன வந்தும் உங்கள் இரை அதன் கண்ணில் படவில்லையா என்ற மூன்றையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மீன் இருக்கிறதா என்பதைத் தண்ணீரே சொல்லும். சாதாக் கெண்டையும் மிர்காலும் அடிச்சேற்றைக் கிளறி மேயும்போது, கடுகு அளவுக் குமிழிகள் கொத்தாக எழுந்து, மெல்ல இடம் பெயர்ந்துகொண்டே போகும். ஒரே இடத்தில் பெரிய குமிழி ஒன்றோ இரண்டோ வந்து நின்றுவிட்டால் அது சேற்றிலிருந்து கிளம்பும் வாயுவாகத்தான் இருக்கும். நீர்க்காகங்கள் திரும்பத் திரும்ப ஒரே மூலையில் முங்குகின்றனவா என்று பாருங்கள். அவை மேயும் மீன் சிறியதுதான் என்றாலும், சிறு மீன் கூடும் இடத்தில் தீனி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. காற்று ஒரே திசையில் வெகு நேரம் அடித்திருந்தால், அலை மோதுகிற எதிர்க்கரையில் உட்காருங்கள். மிதக்கும் உணவு அங்கேதான் ஒதுங்கும். முகத்தில் காற்று படும், தூண்டில் வீசுவதும் சிரமம். அதனால்தான் அந்தக் கரை எப்போதும் காலியாகக் கிடக்கிறது.

அடுத்து ஆழம். பெங்களூரின் ஏரிகள் இயற்கையாக அமைந்தவை அல்ல. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரிசையாகக் கரை கட்டி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு ராஜகாலுவே எனப்படும் பெரிய வாய்க்கால் வழியாக நீர் இறங்கும்படி மனிதர் கட்டியவை. அதனால் கட்டிய அந்தக் கரையை ஒட்டிய பக்கமும் மதகின் அருகும் ஆழமாகவும், நீர் வந்து சேரும் வாய்ப் பக்கம் ஆழம் குறைந்தும் இருக்கும். தூர்வாரிச் சுற்று நடைபாதை போட்ட ஏரிகளில் இந்தக் கணக்கு தவறக்கூடும். அவற்றில் பல, சுற்றிலும் செங்குத்தாக இறங்குகிற கிண்ணம்போல வெட்டப்பட்டவை. ஆகவே கண்ணால் மதிக்காமல் அளந்துவிட வேண்டும். தக்கை தாங்க முடியாத அளவுக்குக் கனமான ஈயக்குண்டு ஒன்றை முள்ளில் மாட்டி, உட்காரப் போகும் இடத்துக்கு நேரே போடுங்கள். தக்கை முழுதாக மூழ்கினால் நீரின் ஆழம் நீங்கள் வைத்த அளவைவிட அதிகம், தக்கையை நரம்பில் இன்னும் மேலே ஏற்றுங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் ஆழம் குறைவு, கீழே இறக்குங்கள். தக்கையின் நுனி மட்டும் நீர்மட்டத்தில் தெரியும் நிலை வரும்போது முள் தரையைத் தொட்டு நிற்கிறது. அந்த இடத்தில் நரம்பின்மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், எதை மாற்றினாலும் மீண்டும் அந்த அளவுக்கு வரலாம்.

இனி எந்த மீனுக்கு எந்த உயரம் என்பதை அதன் வாயே காட்டிக் கொடுக்கும். கட்லாவின் கீழ்த்தாடை மேல்நோக்கித் தூக்கியிருக்கும், அது நீரின் மேல்தட்டில் மேய்கிற மீன். மிர்காலின் வாய் கீழ்நோக்கியது, அது தரையில் மேயும். ரோகு இடைத்தட்டில் திரியும். சாதாக் கெண்டை வாயை முன்னே நீட்டிச் சேற்றை உறிஞ்சும். ஏரி முழுக்கக் கட்லா இருக்கும்போது தரையில் இரையை வைத்துவிட்டு மாவைக் குறைசொல்வதில் பொருளில்லை. வெள்ளிக் கெண்டை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது நுண்பாசியை வடிகட்டித் தின்கிற மீன் என்பதால் துள்ளித் துள்ளி ஆசை காட்டுமே தவிர, மாவு உருண்டையைப் பெரும்பாலும் தொடாது. துள்ளலைப் பார்த்து இடம் பிடித்து நான் இழந்த காலைகள் பல.

இதைப் பற்றிப் பேசும்போது ஒரு காலை நினைவுக்கு வருகிறது. ஆனேக்கல் பக்கத்தில் ஒரு சிற்றேரி. மூன்று மணி நேரம் அசைவே இல்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் சாதாக் கெண்டையாக இழுத்துக்கொண்டிருந்தார். "ஐயா, மாவில் என்ன சேர்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து வந்து, என் தக்கையை நரம்பில் ஒரு முழம் மேலே ஏற்றினார். "உன் இரை அந்தரத்தில் தொங்குகிறது, தம்பி. கெண்டை அண்ணாந்து பார்த்துத் தின்னாது" என்றார். அவர் பொட்டலத்திலும் வெறும் மைதா மாவுதான் இருந்தது.

நேரமும் பருவமும் கடைசியில் பார்க்க வேண்டியவை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் குளிர் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். குளிர்ந்த நீரில் கெண்டை இனங்களின் செரிமானம் மந்தப்படும், தீனியும் குறையும். அந்த மாதங்களில் ஐந்து மணிக்கே போய் நடுங்கிக்கொண்டிருப்பதைவிட, வெயில் ஏறிய பின் ஒன்பது, பத்து மணிக்கு உட்கார்ந்து பிற்பகல்வரை இருப்பது பலன் தரும். ஏப்ரலில் இது நேர்மாறு, விடியலும் அந்தியும்தான் நேரம். இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் தக்கை அசையாவிட்டால், அப்போது இரையை மாற்றுங்கள். மாவிலிருந்து மண்புழுவுக்கு மாறுவதுதான் மாற்றம். மாவில் வாசனையை மாற்றுவது பெரும்பாலும் நம் மனத் திருப்திக்குத்தான்.

அறிகுறி: மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன, ஆனால் எதையும் தொடுவதில்லை

பச்சை நிறத்தில் கெட்டியான தண்ணீர் உள்ள ஏரிகளில் விடியற்காலையில் இது தெரியும். பகலில் பாசி உயிர்வளியை (ஆக்சிஜனை) வெளியிடுகிறது. இரவில் அதே பாசியும் மீன்களும் அடியில் அழுகும் கழிவும் சேர்ந்து அதை உறிஞ்சிவிடுகின்றன. நாள் முழுவதும் மேகமூட்டமாக இருந்தாலோ, முதல் மழை சாக்கடைக் கழிவை ஏரிக்குள் அடித்துக்கொண்டு வந்தாலோ, விடியும் நேரத்தில் உயிர்வளியின் அளவு மிகவும் குறைந்துவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டைகள் நன்றாக இருக்கும், 3க்குக் கீழே இறங்கினால் திணறத் தொடங்கும். மேலே வந்து வாய் பிளப்பது பசியால் அன்று, மூச்சுக்காக. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கும் உயிர்வளிக் குறைவைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

இதற்குத் தூண்டிலில் செய்யக்கூடிய திருத்தம் எதுவும் இல்லை. இரை போட்டு ஈர்ப்பதை உடனே நிறுத்துங்கள், மாவு அழுகினால் இருக்கிற உயிர்வளியும் குறையும். குத்தகைக்காரருக்கோ காவலருக்கோ தகவல் சொல்லுங்கள். நேரத்தில் தெரிந்தால் நீரைச் சுழலவிட்டோ புதுநீர் பாய்ச்சியோ அவர்கள் மீனைக் காப்பாற்ற முடியும். சாக்கடை கலக்கும் ஏரியில் பிடித்த மீனைக் குழம்புக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உடம்பில் சேர்ந்த உலோகம் போகாது.

அறிகுறி: தக்கை ஆடுகிறது, தூக்கினால் வெறும் முள்

தக்கை எப்படி ஆடுகிறது என்று உற்றுப் பாருங்கள். படபடவென்று நடுங்கி, நின்று, மறுபடி நடுங்கினால், ஜிலேபி (திலாப்பியா) மீன்குஞ்சுகள் கூட்டமாக மாவைக் கொத்திப் பிய்க்கின்றன. 1952இல் நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த மீன், கட்லாவைப் போலன்றிக் குளத்திலேயே பெருகும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளே வைத்துக் காப்பதால் அழியாமல் பல்கிவிடுகிறது. அதற்கேற்ற சிறிய முள்ளைப் போட்டால்தான் அது சிக்கும். முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறிதாகும் என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கெண்டைக்கு 6ஆம் எண் முள் என்றால் ஜிலேபிக்கு 12ஆம் எண்.

ஜிலேபி வேண்டாம், கெண்டைதான் வேண்டும் என்றால், பொடிமீனால் பிய்க்க முடியாத இரை வேண்டும். இங்கே மட்டும்தான் மாவைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது, ஏனென்றால் இங்கே கேள்வி வாசனை அன்று, இறுக்கம். மைதாவையோ கோதுமை மாவையோ சிறிது சிறிதாக நீர் தெளித்துப் பிசைந்து, கையில் ஒட்டுவது நின்ற பிறகும் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ஒரு துண்டை இரு விரலால் இழுத்தால் அறுபடாமல் நீள வேண்டும். பிறகு ஒரு சிட்டிகைப் பஞ்சை இழை இழையாகப் பிய்த்து மாவுக்குள் வைத்து மடித்து மடித்துப் பிசைந்தால், அந்த இழைகள் மாவை முள்ளோடு கட்டிப்போட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். இன்னும் இறுக்கம் வேண்டுமானால் கேழ்வரகு இருக்கவே இருக்கிறது. மாவைப் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால், மேலே தோல்போல இறுகிவிடும். ஒரு காலத்தில் காவிரியில் மாசீர் மீனுக்கு இப்படித்தான் களி உருண்டை போட்டார்கள். நம் ஏரிகளுக்கு அதைச் சுண்டைக்காய் அளவுக்குக் குறைத்துக்கொண்டால் போதும். இரையை உருட்டும்போது முள்ளின் கூர்நுனி சற்றே வெளியே தெரியட்டும். மாவுக்குள் முழுதாகப் புதைந்த முள் மீனின் உதட்டில் ஏறாது.

தக்கை நடுங்காமல், மெல்ல மேலே எழும்பிச் சாய்ந்து படுத்துக்கொள்கிறதா? இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தரையில் கிடந்த இரையை மீன் தூக்குகிறது, கூடவே ஈயமும் தூக்கப்பட்டுவிட்டதால் தக்கையை இழுத்துப் பிடிக்க எடை இல்லை. மூழ்கும்வரை காத்திருக்காமல் அந்தக் கணமே இழுக்க வேண்டும்.

அறிகுறி: மீன் சிக்குகிறது, கரைக்கு வரும் முன் நழுவிவிடுகிறது

முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் இலேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். நகத்தில் கீறிப் பிடித்தால் கூர்மை இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் அந்த முள்ளை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு வேறு முள்ளைக் கட்டுங்கள். கருங்கல் பாவிய கரைகளில் ஒருமுறை கல்லில் உரசினாலே நுனி மழுங்கும்.

முள் கூர்மையாக இருந்தும் நழுவினால் பிழை கையில் இருக்கிறது. கெண்டை இனத்துக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டைக்குள்ளேதான் பல். உதடு சதைப்பற்றுள்ளது, வெடுக்கென்று இழுத்தால் கிழியும். மணிக்கட்டை மட்டும் உயர்த்தி முள்ளை ஏற்றி, பிறகு கம்பு வளைந்தே இருக்கும்படி ஒரே சீராக இழுவையை வைத்திருங்கள். நரம்பு ஒரு கணம் தளர்ந்தாலும் முள் கழன்றுவிடும். ரீலின் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் பிடி, எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு, நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு: 4 கிலோ தாங்கும் நரம்பு என்றால், ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் ரீல் நழுவிக் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி அதற்குப் போதுமானது.

அறிகுறி: நரம்பு அறுகிறது

அறுந்த நுனியைத் தூக்கிப் போடுவதற்கு முன் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நுனி பன்றிவால்போலச் சுருண்டிருந்தால் நரம்பு அறுபடவில்லை, முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. உலர்ந்த நைலானை இறுக்கும்போது உராய்வுச் சூடு அதைக் கெடுக்கும். முடிச்சை எச்சிலாலோ ஏரி நீராலோ நனைத்து, மெதுவாக இறுக்கி, நுனியை ஒட்ட வெட்டாமல் இரண்டு மில்லிமீட்டர் விட்டுவைக்க வேண்டும். நுனிக்குச் சற்று மேலே விரலால் நீவும்போது சொரசொரப்பு தட்டினால் கல்லிலோ சிப்பியிலோ உரசியது காரணம், கடைசி ஒரு மீட்டரை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். சொரசொரப்பும் இல்லை, சுருளும் இல்லை, கையால் இழுத்தாலே பொட்டென்று போகிறது என்றால், அந்த நரம்பு வெயிலில் கிடந்து செத்துவிட்டது. பால்கனியில் தொங்கவிட்ட கம்புகளுக்கு இந்த நோய் வரும். சுருள் முழுவதையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. வெட்டிய துண்டுகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நாரைக் காலில் சுற்றிய நரம்பை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன், அதை அவிழ்க்க அதன் அருகே யாராலும் போக முடியவில்லை.

அறிகுறி: முள் அடியில் மாட்டிக்கொண்டு வர மறுக்கிறது

ஆகாயத்தாமரை வேர் என்றால் இழுத்தால் கொஞ்சம் இசைந்து வரும். அசையாமல் நின்றால் கல்லோ, கம்பியோ. விநாயகர் சதுர்த்திக்குப் பின் சிலைகளைக் கரைத்த ஏரிகளில், மண் கரைந்த பிறகும் மூங்கிலும் இரும்புக் கம்பியுமான கூடு அடியில் கிடக்கும். சிலை கரைக்கத் தனியே கல்யாணி எனும் சிறு குளம் கட்டிய ஏரிகளில் இந்தத் தொல்லை குறைவு. கம்பை மேல்நோக்கி வளைத்து இழுப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு, முள் இன்னும் ஆழமாக ஏறும், கம்பு முறியவும் செய்யும். நரம்பைத் தளரவிட்டு, மாட்டியபோது இழுத்த திசைக்கு எதிர்ப்புறமாகக் கரையில் இருபது அடி நடந்துபோய் அங்கிருந்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் கம்பை நேராக நீட்டி, நரம்பைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடங்கள். வெறுங்கையில் சுற்றினால் விரல் அறும். எதற்காகவும் நீரில் இறங்காதீர்கள், வெட்டி ஆழப்படுத்திய ஏரிகளில் இரண்டாவது அடியிலேயே தரை இல்லாமல் போகும்.

அறிகுறி: கெண்டைக்குப் போட்டால் மீசைக்காரன் வருகிறான்

கறுத்த, செதிலற்ற, எட்டு மீசையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி இது. 2000ஆம் ஆண்டிலேயே இதை வளர்ப்பதற்குத் தடை வந்தும், கழிவுநீர் ஏரிகளில் காற்றைக் குடித்து உயிர்வாழும் ஆற்றலால் நிலைத்துவிட்டது. கோழிக் கழிவு கொட்டும் மூலையில் உட்கார்ந்தால் இதுதான் வரும், இடத்தை மாற்றுங்கள். புழுவை விட்டு மாவுக்கு மாறினாலும் குறையும். மற்ற மீன்களின் குஞ்சை விழுங்கித் தீர்ப்பதால் இதைத் திரும்ப நீரில் விடாமல் குத்தகைக்காரரிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கம். பிடிக்கும்போது பக்கத் துடுப்புகளின் முன்முள் கையில் ஏறாதபடி, ஈரத் துணியால் தலைக்குப் பின்னே அழுத்திப் பிடியுங்கள்.

அறிகுறி: விடவேண்டிய மீன் முள்ளைத் தொண்டைவரை விழுங்கிவிட்டது

தக்கை மூழ்கிய பின்னும் வெகு நேரம் காத்திருந்ததால் வந்த வினை இது. விரலையோ குறடையோ உள்ளே விட்டுத் துழாவினால் செவுள் கிழிந்து மீன் இறந்துவிடும். கைகளை நனைத்துக்கொண்டு, மீனை நீரோடு ஒட்டியே வைத்து, கண்ணுக்குத் தெரியும் வரையில் முள்ளுக்கு மிக அருகில் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகு முள்ளாக இல்லாமல் சாதாரண இரும்பு முள்ளாக இருந்தால் நாளடைவில் அது அரித்துப் போகும். அடுத்த வீச்சுக்கு முன் முள்ளின் நுனிக்குப் பின்னே எதிர்ப்புறமாக நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டால், மறுமுறை மீன் விழுங்கினாலும் எளிதாகக் கழற்றலாம்.